தீர்மானத்தில் நம்ம தெரு

மாநகராட்சிக் கூட்டம்னா டிவியில காட்டுற வெளிநடப்பும் கூச்சலும்தான் நமக்கு ஞாபகம் வருது. அந்தக் கூச்சலுக்கு நடுவுல நிறைவேறுற தீர்மானங்கள்தான் நம்ம வாசல் வரைக்கும் வரும். எந்தச் சந்துல சாக்கடை கட்டணும், குப்பை அள்ளுற ஒப்பந்தம் யாருக்கு, கடை வாடகை எவ்வளவு ஏறுது, எல்லாமே 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்'னு வர்ற வறண்ட வரிகள்ல இருக்கும்.

சேலம் மாநகராட்சியில 60 வார்டு, 4 மண்டலம். அதுல ஒண்ணு நம்ம அம்மாபேட்டை. சேலம் நகராட்சியா இருந்தப்ப 1917ல ராஜாஜி தலைவர். அதெல்லாம் பெருமைதான். ஆனா 2016 அக்டோபர்ல இருந்து 2022 வரைக்கும் இங்க கவுன்சிலரே கிடையாது, தேர்தல் நடக்கல. அந்த அஞ்சு வருஷத்துக்கும் மேலான காலத்துல தனி அலுவலரே தீர்மானம் போட்டாரு. எதிர்த்துப் பேச ஆளே இல்லாத மன்றம்! அதைவிடக் கூச்சல் தேவலை.

தறி ஓடுற தெருவுல, தீர்மானத்தைக் கேள்வி கேக்க ஆள் இருக்குறதோட அருமை நல்லாத் தெரியும். பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டா, தெரு உசந்து வீடு பள்ளத்துக்குப் போயிடும். ஒரு மழைக்கே தண்ணி உள்ள வந்து தறிக்குழி நிறைஞ்சிடும், பாவும் நனைஞ்சிடும். 'பழைய தளத்தைச் சுரண்டி'ங்கிற ரெண்டு மூணு வார்த்தை ரோடு வேலை மதிப்பீட்டுல இருக்கான்னு டெண்டருக்கு முன்னாடியே கேக்கணும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். அன்னிக்கு மக்கள் கூடிப் பேசுற ஏரியா சபையைக் கூட்டினா நம்மளே எந்திரிச்சு இதைக் கேக்கலாம். யாரெல்லாம் வர்றீங்க?