எங்கே போட்டது?

கொரோனா ஆண்டுகளில் ஷார்ஜாவில் இருந்தபோது அவ்வப்போது எழுதியவை. சிலவற்றைப் பின்னால் சேர்த்தேன்.

*

அமீரகத்தில் ஊசி வருவதற்கு முன்பே கைகளைக் கேட்டார்கள். 2020 ஜூலை 16 அன்று அபுதாபியில் சீனாவின் சைனோஃபார்ம் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. முதல் ஊசியை அபுதாபி சுகாதாரத் துறைத் தலைவரே போட்டுக்கொண்டார். சில வாரங்களில் 31,000 பேர் சேர்ந்தார்கள், 125 நாட்டவர். சீனாவில் அப்போது நோய் அடங்கியிருந்தது. ஆள் கிடைத்தாலும் நோய் கிடைக்காத இடத்தில் தடுப்பூசியைச் சோதிக்க முடியாது. இங்கே இரண்டும் இருந்தன. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் பத்தில் ஒன்பது பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒரே ஊரில் உலகத்தின் எல்லா உடம்பும்.

எங்கள் கம்பெனியிலிருந்து போனவர்களில் பரமக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன். ஏன்டா போனாய் என்றால், “ஊருக்கும் போக முடியல, வேலையும் பாதிதான் ஓடுது. ஒடம்பாவது எதுக்காவது ஆகட்டுமேண்ணே” என்றான். சிலருக்கு மருந்தில்லாத ஊசி என்றும், யாருக்கு எது என்பது போடுகிறவருக்கே தெரியாது என்றும் படிவத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டான், கையெழுத்துப் போட்டான்.

*

அவனுக்குக் கிடைத்த கைம்மாறு அமீரகத்தின் கொரோனா செயலியான அல் ஹொசனில் ஒரு தங்க நட்சத்திரம். துபாய் முடிந்து அபுதாபி தொடங்கும் கன்தூத்தில் அப்போது சோதனைச் சாவடி இருந்தது. பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் அபுதாபிக்குள் நுழைய முடியாது. சாவடிக்கு முன்னால் கூடாரத்தில் லேசர் சோதனை, 50 திர்ஹம். ஷார்ஜாவில் படுத்து அபுதாபியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது தினச் செலவுக் கணக்கில் ஏறியது. நட்சத்திரக்காரர்களுக்குத் தனிப்பாதை உண்டு. எங்கள் கம்பெனியில் மேனேஜருடைய வண்டி வரிசையில் நிற்க, இவன் ஏறிய வேன் தாண்டிப் போனது. அந்தக் கதையை மெஸ்ஸில் பல இரவுகள் சொன்னான்.

ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதற்கு முன்பே, அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் நடந்ததெல்லாம் இதன் விரிவுதான்.

*

2020 டிசம்பர் 9: சைனோஃபார்முக்கு முழுப் பதிவு. டிசம்பர் 23: துபாயில் பைசர் தொடங்கியது. எல்லாருக்கும் இலவசம். ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கில் இஸ்ரேலுக்கு அடுத்து உலகிலேயே வேகமாக ஊசி போடும் நாடு இதுதான்.

வெள்ளிக்கிழமை மண்டபத்து வரிசை. எனக்கு முன்னால் சீருடையோடு ஒரு பாகிஸ்தானி டாக்சி டிரைவர். பின்னால் விலை உயர்ந்த வாட்ச் கட்டிய லெபனான்காரர். சம்பளத்தைப் பார்த்துத்தான் வீடும் விசாவும் பள்ளிக்கூடமும் அமையும் இந்த ஊரில், மூவரும் ஒரே வரிசையில் நின்று நான் பார்த்த இடம் வேறில்லை. எமிரேட்ஸ் ஐடியை நீட்டினால் போதும். மலையாளி நர்ஸ், “அலர்ஜி எதாவது உண்டா சேட்டா? காய்ச்சல் வந்தா பனடால் கழிச்சா மதி” என்று தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி சொன்னார். அப்புறம் நாற்காலியில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் கண்காணிப்பு.

ஆனால் ஐடி இருந்தால்தான் வரிசை. பிள்ளை குட்டியைப் பார்க்க விசிட் விசாவில் வந்து விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்கள், வயதால் முதலில் போட வேண்டியவர்கள், வெளியே நின்றார்கள். விசா முடிந்து ஒளிந்து வாழ்கிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. 2021 ஜூனில்தான் அபுதாபி விசா காலாவதியானவர்களுக்கும் ஊசி உண்டு என்று அறிவித்தது. கிருமி விசாவைக் கேட்பதில்லை என்பதை ஒரு அரசு ஒப்புக்கொள்ள அவ்வளவு நாள் ஆயிற்று. பல அரசுகள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

*

எந்த ஊசி என்பதும் முதலில் நம் விருப்பமில்லை. துபாய் விசா என்றால் பைசர் கிடைக்கலாம். ஷார்ஜா, அபுதாபி விசா என்றால் சைனோஃபார்ம். ஒரே ரூமில் மேல் கட்டிலுக்கு ஜெர்மன் கண்டுபிடிப்பு, கீழ்க் கட்டிலுக்குச் சீனக் கண்டுபிடிப்பு. மேல் கட்டில்காரர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். கீழ்க் கட்டில்காரர் மறுநாளே சைட்டுக்குப் போனார். “ஒண்ணுமே பண்ணல, வேலை செய்யுதா இல்லையா?” என்று அவருக்குக் கவலை. “இவ்வளவு பண்ணுது, என்னத்துக்கு ஆகப் போறோமோ?” என்று மேலே.

*

வதந்திகள். தினமும் ஒன்று.

பன்றிக் கொழுப்பு கலந்தது: கீழக்கரை பாய்தான் முதலில் கொண்டுவந்தார், அவரே தீர்த்தும் வைத்தார். 2020 டிசம்பரிலேயே அமீரக ஃபத்வா கவுன்சில் சொல்லிவிட்டது: அப்படி ஏதும் கலந்திருந்தாலும் உயிர் காக்க வேறு வழியில்லாதபோது ஆகும். ரமலானில் நோன்போடு போடலாமா? போடலாம், முறியாது என்று துபாய் இஸ்லாமிய விவகாரத் துறை சொன்னது. பாய் அந்த ரமலானில் நோன்பு வைத்துக்கொண்டே போட்டுவிட்டு வந்தார்.

தீர்க்க முடியாத வதந்தி சென்னையிலிருந்து வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு எல்லாரும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் அரசும் சொன்னார்கள். ஒன்றிய அரசின் குழுவும் அதே ஆண்டு ஆராய்ந்து அதையே சொன்னது. யார் கேட்டது? எங்கள் கட்டடத்தில் இரண்டாம் ஊசிக்கு நாள் குறித்திருந்த சிலர் போகவில்லை. ஊரிலிருந்து வந்த போன்கள் அதற்கு மேல்: “ஏலேய், போட்டுத் தொலைச்சிராத.” போட்டு இரண்டு மாதமாகிறது என்று அம்மாவிடம் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு.

*

ஏப்ரல் 24 நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை அமீரகம் நிறுத்தியது.

அந்த மே மாதத்தில் எல்லாம் தலைகீழாய்க் கிடந்தது. வழக்கமாக வெளிநாட்டில் இருப்பவன் ஆபத்தில் இருப்பான், ஊரில் இருப்பவர்கள் பத்திரமாக இருப்பார்கள். இப்போது இங்கே முப்பது வயதுக்காரன் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரில் அறுபது வயது அப்பா ஊசிக்கு அலைந்தார். 18 முதல் 44 வயது வரைக்குமான ஊசி தமிழ்நாட்டில் தொடங்கியதே மே 20இல்தான். முதலமைச்சர் ஸ்டாலின் திருப்பூரில் தொடங்கி வைத்தார். இங்கிருந்து ஆக்ஸிஜன் செறிவூட்டி இயந்திரம் அனுப்ப வழி கேட்டு கார்கோ கடைகளில் கூட்டம். சாக்லேட்டும் கோடாலித் தைலமும் கட்டி அனுப்புகிற அதே கடைகள்.

*

பாதி ஊசிக்காரர்கள். இவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

மார்ச்சில் இங்கே சைனோஃபார்ம் முதல் ஊசி. ஏப்ரலில் அப்பாவுக்கு முடியவில்லை என்று அவசரமாக ஊருக்கு. இரண்டாவதை வந்து போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு. விமானம் நின்றது. இந்தியாவில் சைனோஃபார்ம் கிடையாது. இந்தியாவின் ஊசிப் பதிவுத் தளமான கோவினுக்கு அப்படியொரு ஊசி இருப்பதே தெரியாது. ஆகவே ஊர்க் கணக்கில் இவன் ஒரு ஊசியும் போடாதவன். அமீரகக் கணக்கில் பாதி போட்டவன். மன்னார்குடியிலிருந்து எங்கள் ஸ்டோர் கீப்பர் போன் செய்தார்: “சார், திரும்ப முதல்லேர்ந்து கோவிஷீல்டு போட்டா ஒத்துக்குவாங்களா?” கம்பெனி பி.ஆர்.ஓ.விடம் கேட்டேன். அவர் டைப்பிங் சென்டரில் கேட்டார். டைப்பிங் சென்டர்காரர், அடுத்த அறிவிப்பு வரட்டும் என்றார்.

*

அடுத்த அறிவிப்புகள்:

ஆகஸ்ட் 5 முதல் இந்தியாவிலிருந்து திரும்பலாம். குடியிருப்பு விசா இருக்க வேண்டும், இரண்டு ஊசியும் அமீரகத்திலேயே போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். மருத்துவர், நர்ஸ், ஆசிரியர் போன்ற சிலருக்கு விலக்கு. கூடவே புறப்படும் விமான நிலையத்திலேயே துரித பிசிஆர்.

ஆகஸ்ட் 30 முதல் சுற்றுலா விசா. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எந்த ஊசியானாலும் சரி.

செப்டம்பர் 12 முதல், ஊரில் அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட குடியிருப்பு விசாக்காரர்களும் வரலாம்.

நடுவிலிருந்த இரண்டு வாரத்தைப் பாருங்கள். கோவிஷீல்டு போட்ட ஒருவர் புர்ஜ் கலீஃபா பார்க்க வரலாம். அதே ஊசி போட்ட இன்னொருவர், அந்த நகரத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர், வேலைக்குத் திரும்ப விலக்குப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று தேட வேண்டும். துபாய் விசாவுக்கு ஒரு நடைமுறை, மற்ற எமிரேட்டுகளுக்கு வேறு நடைமுறை என்பது தனிக் குழப்பம். இதை எழுதியவர்கள் கெட்ட மனத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். சுற்றுலாவை ஒரு மேசை பார்த்தது, குடியிருப்பை இன்னொரு மேசை பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் விசா காலம் ஓடிக்கொண்டிருந்தவருக்கு அந்த இரண்டு வாரம் ஒரு வேலையின் விலை.

*

சவூதியில் இருக்கும் மைத்துனர் சொன்னது. அங்கே தவக்கல்னா செயலி. 2021 ஆகஸ்ட் 1 முதல் அதில் ஊசி போட்டதாகக் காட்டாமல் கடைக்குள்கூட நுழைய முடியாது. பிப்ரவரியிலேயே இந்தியாவிலிருந்து நேராக வருவதைத் தடுத்துவிட்டார்கள். மாலத்தீவு போன்ற மூன்றாவது நாட்டில் 14 நாள் கிடந்து போக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு சலுகை: புறப்படும் முன் இரண்டு ஊசியும் சவூதியிலேயே போட்ட இக்காமாக்காரர்கள், அதாவது குடியிருப்பு அனுமதி உள்ளவர்கள், நேராக வரலாம். ஊரில் போட்டவர்களுக்கு டிசம்பர் 1 வரை சுற்று வழிதான். இக்காமா முடியுமுன் திரும்ப வேண்டும் என்று லட்சங்களைக் கடன் வாங்கி மாலத்தீவில் ‘விடுமுறை’ கழித்த கொத்தனார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது நவம்பர் 3இல்தான். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமைக்கு விமான நிலையத்தில் கவுண்ட்டர் இல்லை.

*

இந்த எல்லாவற்றிலும் எனக்கு மனதில் நிற்பது புனே.

புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டில் நிரப்பிய ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராஜெனகா குப்பிகள் 2021 தொடக்கத்திலேயே பஹ்ரைனுக்குப் போயின, குவைத்துக்குப் போயின, துபாய்க்கு வந்தன, பிரிட்டனுக்கே 50 லட்சம் போயின. குவைத்தில் அதைப் போட்ட தஞ்சாவூர்க்காரர் ஊசி போட்டவர். தஞ்சாவூரில் அதையே கோவிஷீல்டு என்ற பெயரில் போட்ட அவர் தம்பி, பல மாதங்களுக்கு, பல நாடுகளின் கண்ணில் போடாதவர். 2021 ஜூலையில் மால்டா இன்னொரு படி போனது: லண்டனில் போட்டிருந்தாலும் குப்பி புனேயில் தயாரானதென்றால் ஏற்க மாட்டோம் என்று பிரிட்டிஷ் பயணிகளைத் திருப்பியது. சத்தம் எழுந்ததும் மாற்றிக்கொண்டது. செப்டம்பரில் பிரிட்டன், ஊசியை ஏற்போம், இந்தியச் சான்றிதழை ஏற்க மாட்டோம் என்றது. பதிலுக்கு அக்டோபரில் இந்தியாவும் பிரிட்டிஷ்காரர்களைத் தனிமைப்படுத்தியது. பத்து நாளில் இருவரும் இறங்கி வந்தார்கள். பத்து நாளில் முடிகிற விஷயம் என்றால் அது அறிவியல் சிக்கலாக இருந்திருக்க முடியாது.

*

சான்றிதழ் அவஸ்தை. கோவிஷீல்டு இடைவெளியை இந்தியா 12 முதல் 16 வாரமாக்கியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் 28 நாள் கழித்து இரண்டாவதைப் போடலாம், பாஸ்போர்ட் எண்ணைச் சான்றிதழில் ஏற்றலாம் என்று ஜூன் 7இல் விதி வந்தது. நல்லது. எண் ஏறியது, பெயர்?

ஆதாரில் ‘மு. செல்வம்’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி ‘செல்வம் முருகேசன்’. எமிரேட்ஸ் ஐடியில் பின்னதும் பாதியில் வெட்டுப்பட்டு இருக்கும். மூன்று அட்டையும் ஒருவர்தான் என்று செயலிக்கு யார் சொல்வது? கோவினில் பெயரைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்பு. இன்ஷியல் போட்டு எழுதும் நம் வழக்கம் கணினிக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அந்த ஆண்டு அதற்கு விமான டிக்கெட் விலை கொடுத்தவர்கள் உண்டு.

*

2022இல் எண்ணிப் பார்த்தால் எங்கள் ரூமில் நான்கு ஊசி, ஐந்து ஊசி ஆசாமிகள். சைனோஃபார்ம் இரண்டு, 2021 மேயில் அறிவித்த மூன்றாவது, பிறகு அயர்லாந்துக்கோ உம்ராவுக்கோ போக வேண்டுமென்று பைசர். மருத்துவர் சொல்லிப் போட்டது எது, விசாவுக்குப் போட்டது எது என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

*

கடைசியாக ஒரு குறிப்பு, மஞ்சள் அட்டை பற்றி.

கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு கென்யாவுக்கோ கானாவுக்கோ வேலைக்குப் போகிற தமிழர்கள் நெடுநாளாக உண்டு. சின்ன மஞ்சள் புத்தகத்தில் முத்திரை. எந்த நாட்டில் போட்டாய் என்று எந்த விமான நிலையமும் அதை வைத்துச் சண்டை பிடிப்பதில்லை. சர்வதேசச் சுகாதார விதிகளின்படி, அங்கீகரித்த மையத்தில் ஏற்ற ஊசியைப் போட்டால் போதும், பத்து நாளில் செல்லுபடியாகும். 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும்.

ஆக, எங்கே போட்டாலும் செல்லும் ஊசி என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. கொரோனாவுக்கு அதைச் செய்யாமல் ஆளுக்கொரு செயலி எழுதினார்கள். 2023இல்தான் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய டிஜிட்டல் சான்றிதழ் முறையைக் கையிலெடுத்து உலகுக்குப் பொதுவாக்கப் பார்க்கிறோம் என்றது. அதற்குள் எங்கள் ஸ்டோர் கீப்பரின் விசா ரத்தாகி, மன்னார்குடியில் ஹார்டுவேர் கடை போட்டுவிட்டார். அவர் உடம்பில் இரண்டு நாட்டு ஊசியும் இருக்கிறது. அடுத்த கொள்ளை நோய்க்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் வரும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்கள். சான்றிதழுக்கான கணக்கையும் இப்போதே போட்டு வைத்தால் நல்லது. போன தடவை மருந்து ஒரு வருடத்துக்குள் வந்தது, சான்றிதழ்தான் வரவில்லை.