காற்றைக் கூட்டினால் எண்ணெயையும் கூட்டுங்கள்

டுரியான் துங்கால் பக்கம் நம் பையன்கள் சம்பளம் வாங்கியதும் முதல் வேலையாக மோட்டாரின் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள். சத்தம் கம்பீரமாக வரும். என் அக்காள் மகனும் தன் யமஹா 125இசட்டில் மாட்டினான். “ஜெட்டை மாற்றினாயாடா?” என்றேன். “எதற்கு மாமா? ஃபில்டர்தானே!” என்றான்.

வானொலியில் பாட்டின் ஒலியைக் கூட்டினால் என் குரலையும் கூட்ட வேண்டும். இல்லையென்றால் பேச்சு அமுங்கிவிடும். கார்பரேட்டரும் அப்படித்தான். ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோலை அளந்துவிடும் சிறிய பித்தளைத் துளைதான் ஜெட். காற்று கூடியது அதற்குத் தெரியாது. எண்ணெய் போதாமல் இன்ஜின் கொதிக்கும். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில், ஓட்டத்திலேயே பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிடலாம். அவன் தினமும் வேலைக்குப் போவது நெடுஞ்சாலையில். அதுதான் என் பயம்.

எல்லா ஃபில்டருக்கும் ஜெட் மாற்ற வேண்டியதில்லை. பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் ஃபில்டருக்குப் பெரும்பாலும் பழைய ஜெட்டே போதும். பெட்டியையே கழற்றினால், பெரிய மெயின் ஜெட் பெரும்பாலும் தேவைப்படும். ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பாருங்கள்: வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பு என்றால் சரி.

செம்பனைத் தோட்டத்தில் ஓடும் கார்பரேட்டர் ஏடிவிக்கும் இதே கணக்குதான். அங்கே செம்மண் புழுதியும் உண்டு. பெட்டியைக் கழற்றாமல் இருப்பதே நல்லது.

தம்பிமார்களே, ஃபில்டர் வாங்கும் அன்றே பட்டறையில் ஜெட்டையும் கேளுங்கள். சில வெள்ளிதான்.