நாலரைக் கிலோவும் எட்டரைக் கிலோவும்



அடர்த்தி = நிறை ÷ பருமன். இந்த இரண்டு மார்க் கேள்வியை நம்மில் யாரும் சாய்ஸில் விட்டிருக்க மாட்டோம். நானும் விட்டதில்லை. ஆனால் அதே கேள்வி போன வருஷம் எங்கள் பட்டறைக்குள் வந்தபோது கோட்டை விட்டேன். நஷ்டம் என் அப்பாவுக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போளூர் ரோட்டில் அப்பா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். ரைஸ் மில், கரும்பு ஜூஸ் மிஷின் இவற்றுக்கு புஷ் கடைந்து கொடுப்பார். இரும்பு ராட், நைலான் ராட் எல்லாம் கடையில் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். ஆனால் நமக்கு வேலை மில்லிமீட்டரில், மீட்டரில். அதனால் சாமான் வாங்கப் போகும் முன்பே எத்தனை கிலோ வரும் என்று கணக்குப் போட்டால்தான் எவ்வளவு பணம் எடுத்துப் போவது என்று தெரியும்.

அப்பா எட்டாவதுதான் படித்தார். இரும்புக்கு மட்டும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். கம்பி கட்டும் மேஸ்திரிகள் எல்லாருக்கும் இது மனப்பாடம். நைலானுக்கு மட்டும் கணக்குப்பிள்ளை நான்.

தீபத்துக்கு முந்தின வாரம் ஒரு பால் பண்ணையிலிருந்து ஆர்டர் வந்தது. டெஃப்லான் புஷ் வேண்டுமாம். அப்பா டெஃப்லான் வாங்குவது அதுதான் முதல் தடவை. "50 மி.மீ. ராடு, 2 மீட்டர். எவ்ளோ கிலோ வரும்னு போட்டுச் சொல்லுடா" என்றார். இதுவும் வெள்ளை ராட்தானே, பிளாஸ்டிக்தானே என்று நினைத்து, நைலான் கணக்கையே போட்டேன். "நாலரைக் கிலோப்பா" என்று கெத்தாகச் சொன்னேன். கிலோ ரேட்டைப் போனில் கேட்டு, பெருக்கி, பஸ் சார்ஜும் சேர்த்து எண்ணிக் கொடுத்ததும் நான்தான்.

அப்பா விடியற்காலை பஸ் பிடித்து சென்னை பாரிமுனைக்குப் போனார். தராசில் வைத்தால் எட்டரைக் கிலோவுக்கு மேல்! கடைக்காரர், "அண்ணா, இது டெஃப்லான், நைலான் மாதிரி இல்ல" என்று சிரித்தாராம். கையிலிருந்த பணத்துக்கு ஒரு மீட்டர்தான் வந்தது. தீபக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தார். பால் பண்ணைக்காரர்கள் காத்திருக்கவில்லை. மீதி வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா திட்டவில்லை. "கணக்கு தப்பில்லடா, பொருள்தான் வேற" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் இயற்பியல் சாரிடம் ஓடினேன். அவர் கேட்டார்: "தீபத்துக்கு நெய்க் காணிக்கை கொடுக்கிறோமே, லிட்டரிலா கிலோவிலா?" கிலோவில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் ஒரு லிட்டர் நெய் சுமார் 910 கிராம்தான். ஒரே பாத்திரம், வேறு எடை. பிளாஸ்டிக்கும் அப்படித்தான் என்றார்.

காரணத்தையும் விளக்கினார். பாலித்தீன் சங்கிலியில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன். கூட்டினால் 12 + 2 = 14. டெஃப்லானில் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஃபுளோரின். 12 + 38 = 50! ஃபுளோரின் அணு இடத்தையும் கொஞ்சம் அதிகமாக அடைப்பதால், அடர்த்தி இரண்டு மடங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. இந்த டெஃப்லானை 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டுபிடித்தாராம்.

அப்பாவின் 162 எங்கிருந்து வந்தது என்றும் அன்றுதான் புரிந்தது. விட்டம் × விட்டம் × அடர்த்தி ÷ 1273. இதுதான் எல்லா ராடுக்கும் பொதுச் சூத்திரம். இரும்பின் அடர்த்தி 7.85. 1273-ஐ 7.85-ஆல் வகுத்துப் பாருங்கள், 162 வரும்!

பட்டறைச் சுவரில் சாக்பீஸால் இப்படி எழுதி வைத்தேன் (50 மி.மீ. ராட், 1 மீட்டர்):

பாலிப்ரொப்பிலீன் – அடர்த்தி 0.91 – 1.8 கிலோ
எச்.டி.பி.ஈ. – 0.95 – 1.9 கிலோ
நைலான் – 1.14 – 2.2 கிலோ
டெல்ரின் – 1.41 – 2.8 கிலோ
டெஃப்லான் – 2.2 – 4.3 கிலோ
இரும்பு – 7.85 – 15.4 கிலோ

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 50 என்று சொல்லும் ராட், கடைசலுக்காக 52 மி.மீ. கூட இருக்கும். விட்டத்தை இரண்டு முறை பெருக்குவதால் அந்த 2 மி.மீ.க்கே 8 சதவீதம் எடை கூடிவிடும். அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போக வேண்டும்.

பெயர் தெரியாத வெள்ளைத் துண்டுகள் பட்டறையில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. வாளித் தண்ணீரில் போட்டோம். எச்.டி.பி.ஈ. மிதந்தது. முழுகியவற்றை எடுத்து, உப்பு இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போட்டோம் (லிட்டருக்கு சுமார் 350 கிராம் உப்பு). அதன் அடர்த்தி 1.2. நைலான் மேலே வந்தது! டெல்ரினும் டெஃப்லானும் அடியிலேயே கிடந்தன. கையில் தூக்கினாலே அவை இரண்டும் எது எது என்று தெரிந்துவிடும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

பிளாஸ்டிக் பற்றியே படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, 1968-ல் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது என்று சார் சொன்னார். எனக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது.

போன மாதம் அப்பா மறுபடி கேட்டார், "டேய், 75 மி.மீ., ஒரு மீட்டர். எவ்ளோ வரும்?"

நான் பேனாவை எடுக்கவில்லை. முதலில் "என்ன பொருள்ப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்துவிட்டு, "இப்பதான்டா நீ கணக்குப்பிள்ளை" என்றார்.



– பதினொன்றாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்