ரோமாபுரிப் பரிசும் நம் தோட்டத்துப் பரிசும்

போட்டி என்பது போட்டியிடுவோரை மட்டும் சோதிப்பதன்று. தீர்ப்புக் கூறுவோரையும் அது சோதிக்கின்றது. இவ்வுண்மையை நாம் முதலில் ஏட்டிற் படித்து உணர்ந்தோமில்லை. நமது சொந்தத் தவற்றினாலேயே உணர நேர்ந்தது. அத்தவற்றை மறைக்காது எழுதினால், தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஆண்டு விழா நடத்தும் அன்பர்களுக்குச் சிறிதேனும் பயன் விளையலாமென்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். காலையிற் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதும், பிற்பகலிற் பழக்குலைகளின் நிறைக் கணக்கு எழுதுவதுமாக நமது நாள் கழியும். ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் பியானோ வாசிக்கச் சிறிது பழகினோம். அப்பழக்கத்தின் பலத்தால், மாலை வேளைகளில் நமது வீட்டுத் திண்ணையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஏழெட்டுச் சிறுவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்து வந்தோம். அதற்குக் கூலி வாங்கியதில்லை; ஆயின் பெருமை வாங்கியதுண்டு.

தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவில், நமது யோசனையின் பேரில் ஒரு புதுப் போட்டி வைக்கப்பட்டது. நான்கடிப் பாட்டொன்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்து, அதற்கு அவரவரே மெட்டமைத்துப் பாடவேண்டுமென்பது விதி. நடுவர் மூவர்; அவருள் நாமும் ஒருவர். மூன்று பரிசுகள் அளித்தோம். மூன்றும் நமது திண்ணை மாணாக்கர்க்கே போயின. உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மையாரின் மகள், பதினொரு வயதினள், வேறெவரும் பாடாத விதத்தில் ஒரு மெட்டுப் பாடினாள். அது ஒப்பாரியைப்போல் எழுந்து, நடுவிலே தாலாட்டாய்த் திரும்பி, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நின்றது. “மெட்டு முடிவுறவில்லை” என்று நாம் குறிப்பெழுதி, குறைந்த மதிப்பெண் இட்டோம்.

மறுநாட்காலை பெரட்டில் தண்டல் ஒருவர் சிரித்துக்கொண்டே, “கிராணி ஐயா, பள்ளிக்கூடமும் உங்க திண்ணையிலே, பரிசும் உங்க திண்ணையிலேதானா?” என்றார். நமக்குக் கோபம் வந்தது. நாம் எவர்க்கும் சலுகை காட்டவில்லையே, காதுக்கு நல்லதாய்ப் பட்டதற்கன்றோ மதிப்பெண் இட்டோம் என்று நம் மனத்துக்குள் வாதாடினோம்.

நிற்க. அவ்வாதம் நம் மனத்தில் ஓயாதிருந்த நாட்களிலேதான், மேல்நாட்டு இசை வரலாற்று நூலொன்றில் பிரெஞ்சு நாட்டின் ‘ரோமாபுரிப் பரிசு’ பற்றி விரிவாகப் படித்தோம். அந்நாட்டரசு ஓவியர்க்கும் சிற்பியர்க்குமென 1663-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய அப்பரிசு, 1803 முதல் இளம் இசை இயற்றுவோர்க்கும் அளிக்கப்பட்டது. முப்பது வயதுக்கு மேற்படாதவரும் மணமாகாதவருமே போட்டியிடலாம். வென்றவர் ரோமாபுரியிலுள்ள வில்லா மெதிசி என்னும் மாளிகையில் அரசாங்கச் செலவிலே சில ஆண்டுகள் தங்கி, பிழைப்புக் கவலையின்றி இசை இயற்றலாம். வறுமையில் உழலும் இளைஞனுக்கு இதைவிடப் பெரும்பேறு வேறென்ன வேண்டும்?

ஆயின் வழி கடினமானது. முதற்சுற்றில், போட்டியாளரைத் தனித்தனி அறைகளில் அடைத்து, ஒரு ‘ஃபியூக்’கும், வாத்தியக்குழுவோடு பலர் கூடிப்பாடும் பாடல் ஒன்றும் எழுதச் செய்வர். ஃபியூக் என்பது, ஒரு குரலில் எழுந்த இசைத்தொடரை மற்றைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றித் தொடரும் அமைப்பு. கணக்குப்போல் பிசகாது எழுத வேண்டியது. அதில் தேறியோரை மீண்டும் ஏறத்தாழ ஒரு மாத காலம் அடைத்து வைத்து, எல்லார்க்கும் ஒரே கதைப்பாட்டைக் கொடுத்து, பாடகர்க்கும் வாத்தியக்குழுவுக்கும் இசையமைக்கச் சொல்வர். இறுதியில் வாக்களிப்போர் இசைவாணர் மட்டுமல்லர். கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியரும் சிற்பியரும் அவருள் அடங்குவர். வாத்தியக்குழுவுக்கென எழுதியதை அவர்கள் பியானோவிற் கேட்டே தீர்ப்புக் கூறினர்.

ஹெக்தோர் பெர்லியோஸ் என்பார் இம்முறையைக் கடுமையாக எள்ளியவர். வண்ணந் தீட்டிய படத்தைக் கரிக்கோட்டிற் பார்த்து விலை பேசுவது போன்றதன்றோ இது! 1829-இல் அவர் எழுதிய கிளியோபாத்ரா இசை மிகவும் துணிவானதென்று கருதப்பட்டதால், அவ்வாண்டு முதற்பரிசே எவர்க்கும் அளிக்கப்படவில்லை. மறு ஆண்டு பாரிஸ் நகரத் தெருக்களிற் புரட்சி வெடித்த ஜூலை நாட்களில், அவர் அறைக்குள் அடைபட்டிருந்து எழுதி முடித்து, பல முறை முயன்ற பின் 1830-இல் வெற்றி பெற்றார்.

இவற்றையெல்லாம் நாம் வேடிக்கையாகவே படித்து வந்தோம். 1905-ஆம் ஆண்டின் வரலாற்றுக்கு வந்தபோதுதான் ஏட்டைக் கீழே வைத்துவிட்டோம்.

மோரிஸ் ராவெல் அதற்கு முன்னரே பன்முறை போட்டியிட்டு, 1901-இல் ஒரு கீழ்நிலைப் பரிசு மட்டும் பெற்றிருந்தார். 1905-இல் அவர்க்கு வயது முப்பது. அதுவே இறுதி வாய்ப்பு. அதற்குள் அவர் பெயர் பெற்றுவிட்டார். பியானோவுக்கென எழுதிய ‘நீர் விளையாட்டு’ம், நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசையும் அரங்கேறியிருந்தன. அத்தகையவரை முதற்சுற்றிலேயே தள்ளினர். காரணம், அவருடைய எழுத்தில் இலக்கணத்துக்கு மாறான சுரச் சேர்க்கைகள் இருந்தனவாம். சரி, விதி விதிதான் என்று விட்டுவிடலாம். ஆனால் இறுதிச் சுற்றுக்குத் தேறிய அறுவரும் ஷார்ல் லெனெப்வூ என்னும் ஒரே ஆசிரியரின் மாணாக்கர் என்பது வெளியாயிற்று. அந்த லெனெப்வூவோ நடுவருள் ஒருவர்!

பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ராவெலின் நண்பருமல்லாத, அவர் இசையில் ஈடுபாடுமில்லாத எழுத்தாளர் ரோமேன் ரோலான் கூட, இஃது அநீதியென்று எழுதினார். அவ்வாண்டிலேயே பாரிஸ் இசைக்கல்லூரித் தலைவர் தெயோதோர் துய்புவா பதவியினின்று நீங்க, ராவெலின் ஆசிரியராகிய காப்ரியேல் ஃபோரே அப்பதவியை ஏற்றார். ராவெல் உலகப்புகழ் பெற்றார். அவ்வாண்டு முதற்பரிசு பெற்றவரின் பெயரை, இன்று இசை வரலாற்றைத் துருவிப் படிப்போரே அறிவர்.

லெனெப்வூ வேண்டுமென்றே வஞ்சனை செய்தார் என்று நாம் சொல்லத் துணியோம். தம் மாணாக்கரின் இசை அவர் காதுக்கு மெய்யாகவே இனித்திருக்கலாம். இனிக்காதிருக்குமா? அவர் கற்பித்ததையன்றோ அவர்கள் திருப்பிப் பாடினர்! தான் அறிந்ததைக் கேட்டு மகிழும் காது, தான் அறியாததைப் பிழையென்று தள்ளிவிடுகிறது. இதற்குத் தீய எண்ணம் வேண்டுவதில்லை, நல்லெண்ணமே போதுமானது. தண்டலின் சொல் அப்போதுதான் நம் நெஞ்சில் முழுதும் தைத்தது.

எனினும் விதிகளெல்லாம் வீணென்று முடிவு கட்டுவது தவறாகும். அப்போட்டியில் 1903 முதல் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். நாடியா பூலான்ஜே என்னும் இளம்பெண் 1908-இல், குரலுக்கென எழுத வேண்டிய ஃபியூக்கைத் தந்தி வாத்தியங்களுக்கென எழுதினார். நடுவருள் ஒருவராகிய சேன் சான் ஆட்சேபித்தார். அவர் இறுதிச் சுற்றை எட்டியும், முதற்பரிசு கிட்டவில்லை. இரண்டாம் பரிசே கிட்டிற்று. அவருடைய தங்கை லிலி, குழந்தைப் பருவமுதல் நோயாளி. 1912-இல் போட்டியிடச் சென்று, உடல் நலங்குன்றித் திரும்பினார். 1913-இல் மீண்டும் சென்றார். கொம்பியேன் அரண்மனையில் ஏனையோரோடு அடைபட்டு, கொடுத்த கதைக்குக் கொடுத்த விதிப்படியே ‘ஃபௌஸ்டும் ஹெலனும்’ என்னும் இசையை எழுதினார். விதி ஒன்றும் மீறப்படவில்லை. உள்ளே நிறைந்த உணர்ச்சியோ அவருடையதே. பத்தொன்பது வயதில், இசைத்துறையில் முதற்பரிசு பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பெய்தினார். அவர் தந்தையார் 1835-இல் பெற்ற பரிசும் அதுவே. ஐந்தாண்டு கழியுமுன், 1918-இல், இருபத்து நான்கு வயதில் லிலி மறைந்தார். எழுத இயலாத கடைசி நாட்களில், ஒரு பிரார்த்தனைப் பாடலைப் படுக்கையிற் கிடந்தவாறு சொல்ல, தமக்கை எழுதிக்கொண்டார்.

தமக்கையார் நாடியா பின்னர் இசை இயற்றுவதை விட்டு, ஆசிரியரானார். அவரிடம் பயின்ற ஆரன் கோப்லாண்ட் முதலியோர் தத்தம் வழியிலே பெரும் இசைவாணராயினர். தம்மைப்போலவே எழுதும் மாணாக்கரை உண்டாக்குவது ஓர் ஆசிரியம். தம்மைப்போல் எழுதாதவரை வளர்ப்பது வேறோர் ஆசிரியம். நமது திண்ணை எவ்வகையைச் சேர்ந்ததென்று வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ரோமாபுரிப் பரிசுப் போட்டியோ 1968-ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சிக்குப் பின் நிறுத்தப்பட்டது.

ஏட்டை மூடிய மறுநாள் மாலை, லயத்துக்குச் சென்று அச்சிறுமியின் வீட்டு வாசலில் நின்றோம். கிராணி வந்தாரென்றதும் தாயார் பதறி எழுந்தார். கூலிக் கணக்கிற் பிழையோ என்று அஞ்சினார் போலும். பிழை நம்முடையதென்று சொன்னோம். அவர்க்குப் புரியவில்லை. “அது இவ பாட்டி படிச்ச பாட்டு மாதிரிங்க ஐயா. பாட்டி பாடிக்கிட்டு இருக்கிறப்பவே தூங்கிப்போவும். பாட்டு அப்படியே நின்னுபோவும். இவளும் அங்கேயே நிறுத்துறா,” என்றார்.

“மெட்டு முடிவுறவில்லை” என்று நாம் எழுதிய குறிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு கிழவியின் உறக்கத்தையல்லவோ அக்குழந்தை மெட்டாக்கியிருந்தாள்! அதைக் கேட்கும் காது நமக்கு இல்லாமற் போயிற்று. இசையறிவு இருந்ததனாலேயே இல்லாமற் போயிற்று.

அளித்த பரிசை மீட்க இயலாது. பெற்ற சிறுவர் மீது குற்றமுமில்லை. ஆகவே விழாச்சபைக்கு இரண்டு யோசனைகள் எழுதிக் கொடுத்தோம். தம் மாணாக்கரோ, உறவினரோ போட்டியிடும்போது எவரும் நடுவராயிருத்தல் கூடாது என்பது ஒன்று. நடுவருள் ஒருவரேனும் அப்பிள்ளைகளின் தாய்மாருள் ஒருவராய், ஏட்டிசை பயிலாதவராய் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை உடனே ஏற்றனர். இரண்டாவதைக் கேட்டுச் சிலர் சிரித்தனர்; பின்னர் அதையும் ஏற்றனர்.

அடுத்த விழாவில் நாம் நடுவர் நாற்காலியில் இரோம். பின்வரிசைப் பலகையில் இருப்போம். அச்சிறுமியை மீண்டும் பாடுவாயா என்று கேட்டோம். “பார்க்கலாம்” என்றாள். அவ்வளவே. நாமும் அவளை வற்புறுத்தவில்லை. திண்ணைக்கு வருமாறும் அழைக்கவில்லை. அவள் பாட வந்தால், நிறுத்துமிடத்தில் நிறுத்தட்டும். முடிக்குமாறு சொல்ல நமக்கு உரிமையில்லை.