ஒரே மேசையில் இரண்டு கட்டணச் சீட்டுகள்

2025 பெப்ரவரி 24, திங்கள். டாண்டினோங், மெல்போர்ன்.

காலை ஆகாரம் முடிந்து வெகுநேரமாகியும் எங்கள் சாப்பாட்டு மேசை ஓயவில்லை. அடுத்த வாரம் சர்வகலாசாலையில் முதற்காலடி வைக்கவிருக்கும் என் பேத்தியும், பின்னறைக்கு வாடகைக்கு வந்து பத்து நாட்களே ஆன திருநெல்வேலித் தம்பியும், தத்தம் மடிக்கணினிகளில் கட்டண விவரங்களை விரித்து வைத்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். இருவரும் சேர்ந்திருப்பது ஒரே சர்வகலாசாலை. அவள் கலைத்துறையில் இளங்கலை. அவன் தகவல் தொழில்நுட்பத்தில் முதுகலை.

அவளுடைய கணக்கில் கட்டவேண்டிய தொகைக்கு நேரே அரசாங்கக் கடன் என்று பதிந்துவிட்டார்கள். அவள் உழைத்து, வருமானம் ஓர் எல்லையைத் தாண்டும் வரையில், யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. அவனுடைய கணக்கிலோ, நான்கு பாடங்களுக்கு, பாடமொன்றுக்கு 6,000 டாலர் வீதம் 24,000 டாலர், விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னரே செலுத்தப்பட்டாயிற்று. ஓர் ஆண்டுக்கு 48,000 டாலர். நம் ஊர்க் கணக்கில் 26 லட்ச ரூபாய். இதற்குமேல் விசாக் கட்டணம் 1,600 டாலர், ஓராண்டுச் சீவனத்துக்கு 29,710 டாலர் உண்டென்பதற்கான வங்கி அத்தாட்சி, மருத்துவக் காப்புறுதி. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைத்துத்தான் தகப்பனார் அனுப்பினார் என்பதை, நான் கேளாமலே, தலையைக் குனிந்தபடி சொன்னான்.

மார்ச் 3, திங்கள்.

இருவரும் ஒரே ரயிலில் போனார்கள். அவர்கள் போன பின்பு பழைய நினைவுகள் வந்து சூழ்ந்துகொண்டன.

1983 கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தை விட்டு இங்கு வந்து, 1987இல் கல்வியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, நிர்வாகக் கட்டணமென்று 250 டாலர் மாத்திரம் கட்டினேன். 1974இல் விட்லம் அரசாங்கம் சர்வகலாசாலைக் கட்டணத்தை அடியோடு ஒழித்திருந்தது. அந்த ஏற்பாடு அஸ்தமிக்கும் தறுவாயில் வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். 1989இல், நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கையில், கல்வி மந்திரி ஜோன் டாக்கின்ஸ் ‘ஹெக்ஸ்’ திட்டத்தைக் கொண்டுவந்தார். எந்தத் துறையானாலும் ஆண்டுக்கு 1,800 டாலர், படிக்கும் காலத்தில் கட்ட இயலாதவர்கள் பின்னால் வருமான வரியோடு சேர்த்துச் செலுத்தலாம் என்பது அதன் சாரம். இதை வகுப்பதில் முக்கிய பங்கு பொருளாதார நிபுணர் புரூஸ் சப்மனுடையது. இலங்கையில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் வளர்ந்த எனக்கு அன்று அது பெரிய அநியாயமாகவே பட்டது. ஆயினும், சம்பாத்தியம் இல்லாத ஆண்டுகளில் என்னிடம் ஒரு சதமும் கேளாமல், சம்பாத்தியம் வந்தபின் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்ட அந்தக் கடனைத் தீர்த்து முடித்த நாளில், கட்டணம் என்று ஒன்று இருந்தே தீர வேண்டுமானால் அது இந்த ரூபத்திலேதான் இருக்க வேண்டும் என்ற அபிப்பிராயத்துக்கு வந்தேன். இன்றும் அதுவே என் அபிப்பிராயம்.

மார்ச் 17, திங்கள்.

“அப்பப்பா, இங்கிலிஷை விட ஹிஸ்டரிக்கு நாலு மடங்கு காசு போடுறாங்கள், ஏன்?” என்று பேத்தி கேட்டாள். கிட்டத்தட்ட வாஸ்தவந்தான். சரித்திரப் பாடமொன்றுக்கு அவள் பேரில் ஏறும் கடன் 2,124 டாலர். ஆங்கில இலக்கியத்துக்கு 578 டாலர். எதிரெதிர் அறைகளில், அதே அளவு நேரம் நடக்கும் இரண்டு வகுப்புகள்!

2021இல் அமுலுக்கு வந்த சட்டமே இதற்குக் காரணம். உத்தியோகத்துக்கு உகந்தவை என்று கருதிய தாதியியல், ஆசிரியம், கணிதம், மொழிகள் முதலியவற்றின் கட்டணத்தைக் குறைத்து, சரித்திரம், சமூகவியல், சட்டம், வணிகம் ஆகியவற்றின் கட்டணத்தை உயர்த்தினால் மாணவர்கள் தாமே வழிமாறுவார்கள் என்று அன்றைய அரசாங்கம் எண்ணியது. கலைத்துறைக் கட்டணம் ஒரே மூச்சில் இருமடங்குக்கும் மேலாகி 14,500 டாலரைத் தொட்டு, விலைவாசிக்கேற்ப ஏறி ஏறி இன்று ஆண்டுக்கு 16,992 டாலராக நிற்கிறது. 2024இல் வெளிவந்த உயர்கல்வி ஆய்வறிக்கையே இத்திட்டம் தோல்வி என்றும் இதனை மாற்றவேண்டுமென்றும் கூறிவிட்ட பின்பும், கட்டணம் மாறவில்லை. சரித்திரத்தை விரும்பும் பிள்ளை சரித்திரந்தான் படிக்கிறாள். கூடுதல் கடனைச் சுமந்துகொண்டு படிக்கிறாள். இது திருத்தப்பட வேண்டிய தவறு.

மார்ச் 31, திங்கள்.

இன்று ‘சென்சஸ்’ திகதி. இந்நாளுக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகினால் அதற்குரிய கடன் ஏறாது. நாளை விலகினால் முழுத்தொகையும் ஏறிவிடும். கணக்கியலில் மனம் ஒட்டாத பேத்தி, சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கைந்து பொத்தான்களை அழுத்தி அதிலிருந்து விலகிவிட்டு, நிம்மதியாகத் தேநீர் போடப் போனாள்.

தம்பிக்கும் ஒரு பாடத்தில் ஆரம்பம் முதலே தடுமாற்றம். ஊரில் அவன் படித்தது இயந்திரப் பொறியியல். இங்கே வகுப்பிலுள்ளவர்களுக்கு நிரல் எழுதுவது முன்பே கைவந்த வித்தை என்று எண்ணிக்கொண்டு விரிவுரையாளர் வேகமாகப் போகிறார். விலகலாமே என்றேன். குறித்த காலத்துக்குள் படிப்பை முடிப்பதாகச் சொல்லித்தான் விசா கிடைத்திருக்கிறது. ஒன்றை விட்டால் அதை எந்தப் பருவத்தில் ஈடுசெய்வது, பருவம் நீண்டால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவது என்று விரலை மடக்கி எண்ணிக் காட்டினான். விலகவில்லை.

இருவரும் பதினெட்டு வயதுக்கும் இருபத்துமூன்று வயதுக்கும் உரிய சாதாரணத் தடுமாற்றத்தையே அடைந்தார்கள். ஒருத்திக்குத் திரும்பி நடக்க வழி இருந்தது, மற்றவனுக்கு இல்லை. கட்டணத்தின் பெரிய வித்தியாசம் தொகையில் இருக்கிறது என்று இதுவரை நினைத்திருந்தேன். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்.

பரீட்சைக் காலம். குளிர் எலும்பைத் தொடுகிறது. வகுப்பு நடக்கும் காலத்தில் அவன் இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரமே வேலை செய்யலாம். அதற்குள் கிடைப்பதை வைத்து வாடகையும் கைச்செலவும் பார்க்கவேண்டும். தெற்கேயுள்ள ஒரு சாமான் கிடங்கில் இரவு முழுவதும் பெட்டி அடுக்கிவிட்டு விடியற்காலம் வருவான். பகலில், தவறவிட்ட விரிவுரைகளின் பதிவைக் கேட்டபடியே உறங்கிப்போவான். நேற்று என் மனைவி இடியப்பமும் சொதியும் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜூலை 11, வெள்ளி.

பெறுபேறுகள் வந்தன. பேத்தி மூன்றிலும் சித்தி. தம்பி மூன்றில் சித்தி, அந்த ஒன்றில் தவறிவிட்டான். மூன்று புள்ளிகள் குறைவு.

“ஐயா, அப்பாட்ட எப்படிச் சொல்லுறதுன்னே தெரியல” என்றான். பாடத்தை மறுபடி எடுக்கவேண்டும்; அதற்கு மறுபடி 6,000 டாலர். சலுகை ஏதும் உண்டா என்று சர்வகலாசாலை அலுவலகத்தில் விசாரித்தோம். தவணையாகக் கட்டலாம், தொகையில் குறைப்பில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். ராத்திரி ஊருக்குத் தொலைபேசியில் அவன் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். தகப்பனார் கோபிக்கவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

ஜூலை 31, வியாழன்.

மாணவர் கடன்களில் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்யும் சட்டம் இன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2023 ஜூன் மாதம் விலைவாசிக் கணக்கின்படி கடன்கள் 7.1 சதவீதம் வீங்கியபோது இளைஞர்கள் அடைந்த கலக்கத்தை அறிந்தவன் நான். ஆகையால் மனப்பூர்வமாக இதை வரவேற்கிறேன். பேத்தியின் முதற்பருவக் கடன் 4,826 டாலர். அதில் 965 டாலர் கழியும். அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

வெளிநாட்டு மாணவனுக்கும் உள்ளூர் மாணவனுக்கும் ஒரே கட்டணம் வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. இந்நாட்டு வரிப்பணம் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் உரியது. முதலாம் ஆண்டில் ஒரே ஒரு பாடத்தில், ஒரே ஒரு தடவை தவறியவனுக்கு, மறுமுறை படிக்கும் கட்டணத்தில் பாதியையேனும் விட்டுக்கொடுங்கள் என்று மாத்திரமே சர்வகலாசாலைகளை வேண்டுகிறேன். பதிவுசெய்த விரிவுரை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்.

இரண்டாம் பருவம் ஆரம்பமாகி ஒரு வாரமாகிவிட்டது. முதல் தவணையாக 2,000 டாலரைக் கட்டிவிட்டு, தம்பி இன்று காலை ஏழு மணி ரயிலில் போனான். அதே பாடம், அதே விரிவுரையாளர். பேத்தி சரித்திரத்தில் இன்னொரு பாடம் எடுத்திருக்கிறாள்.