துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

கோரிப்பாளையத்தில் நம் வீட்டுப் பீரோவில், பாட்டனார் விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கியொன்று லைசென்ஸோடு பத்திரமாயிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் அதன் வால்நட் கட்டை விரிசல் கண்டுவிட்டது. "மரத்தை விட்டொழியுங்கள், ஸார்! பிளாஸ்டிக் கட்டை போடுங்கள்" என்று நண்பரொருவர் யோசனை கூறினார். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஈரம்பட்டால் மரம் உப்பும். உப்பிக் குழலை நெருக்கினால் குறி தவறும். அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனியார் 1959-லேயே நைலான் கட்டைத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்துவிட்டனர்.

ஆனால், நாம் எதைச் சுடப்போகிறோம்? 1972-ஆம் வருஷத்துச் சட்டமும் 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டையை ஒழித்துவிட்டன. குறி தவறினால் யாருக்கு நஷ்டம்? பாட்டனாரின் கன்னம் பட்டுப் பட்டு வழவழத்த இடமோ அக்கட்டையில் இன்னும் மினுமினுக்கிறது. விரிசலைப் பசை வைத்து இறுக்கும்படி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறோம்.

"அப்படியே கொல்லைக் கதவையும் பார்க்கச் சொல்லக்கூடாதா?" என்றாள் நம் இல்லாள்.