பஸ்ஸுக்குள்ள கட்டில் போட்டா என்ன?

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டப் போனவனுக்கு ஊர்ல ஒரு தனி மரியாதை உண்டு. மிக்ஸி சுத்தலைன்னாலும் கூப்பிடுவாங்க, மோட்டார் தண்ணி ஏத்தலைன்னாலும் கூப்பிடுவாங்க. இந்தத் தடவை கூப்பிட்டது ஒரு பஸ்ஸுக்கு.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஆடிப்பூரத்துக்கு வடம் பிடிக்கிற கோஷ்டி. ஆனா என் கூடப் படிச்சவன் ஒருத்தனோட பங்குல எனக்கு எல்லாரையும் தெரியும். அவங்க வருஷா வருஷம் செப்டம்பர்ல, திருவிழாக் கூட்டம் ஓய்ஞ்ச பிறகு, வேளாங்கண்ணிக்குப் போவாங்க. ராஜபாளையம் ஆட்களும் சேர்ந்து 48 பேர். ராத்திரி கிளம்பினா மதுரை, தஞ்சாவூர் வழியா 350 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி பூரா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வர்றதுல வயசானவங்களுக்குக் கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிடும். கடைசியாப் போனப்போ நாலு பேர் வரலைன்னு நின்னுட்டாங்க. அதுல நண்பனோட ஆச்சியும் உண்டு. நாப்பது வருஷம் விடாமப் போனவங்க. "என் முட்டிவலி மாதாவுக்குத் தெரியும்ல, கோவிச்சுக்க மாட்டா"ன்னு சொல்லிட்டாங்க. அதைச் சொல்லும்போது அவங்க முகம் போன போக்கு இருக்கே, அதுதான் இத்தனைக்கும் காரணம்.

பசங்க ஒரு யோசனை பிடிச்சாங்க. பங்குல ஒரு அண்ணாச்சிகிட்ட பழைய டூரிஸ்ட் பஸ் ஒண்ணு இருக்கு. சீட்டைக் கழட்டிட்டு ஸ்கொயர் பைப்ல ரெண்டடுக்கு அடிச்சு, பிளைவுட் போட்டு, மேல ஃபோம், ரெக்ஸின். ஸ்லீப்பர் பஸ் ரெடி! ராஜபாளையத்துல ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் பத்தே நாள்ல முடிச்சுத் தர்றேன்னுட்டார். "மாப்ள, நீ ஒரு லேஅவுட் மட்டும் போட்டுக் குடு." இவ்வளவுதான் எனக்கு வந்த ஆணி.

ஒரு ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துட்டுப் போனோம்.

டிரைவருக்குப் பின்னாடி உள்நீளம் 31 அடி. ஆளுக்கு ஆறடின்னா அஞ்சு வரிசை. உள்அகலம் ஏழரை அடி. ஒரு பக்கம் ரெண்டு படுக்கை, மறுபக்கம் ஒண்ணு, ஒவ்வொண்ணும் ரெண்டடி. நடைபாதைக்கு மிச்சம் ஒண்ணரை அடி. கீழ 15, மேல 15, ஆக மொத்தம் 30. முதல் இடி இங்கயே விழுந்துச்சு. 48 பேர்ல 18 பேரை யாரு, எப்படிக் கழிப்பாங்க? வாடகையைப் பிரிச்சா தலைக்கு ஒண்ணரை மடங்குக்கு மேல வேற.

அடுத்தது உயரம். தரையிலிருந்து கூரை ஆறடி ரெண்டு அங்குலம். கீழ்ப் படுக்கை ஒண்ணேகால் அடில இருந்தா, மேல் பலகையோட கனத்தையும் கழிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் ரெண்டேகால் அடிதான் மிஞ்சும். படுக்கலாம், நிமிர்ந்து உட்கார முடியாது. நாம ஏறிப் போற ஸ்லீப்பர் பஸ்ல மட்டும் எப்படின்னு கேட்பீங்க. அதெல்லாம் பாடி கட்டும்போதே கூரையை உயர்த்தி, மேலுக்கும் கீழுக்கும் தனித்தனியா ஜன்னல் வச்சுக் கட்டுறது. ஸ்லீப்பர் கோச்சுக்குன்னே ஏ.ஐ.எஸ். 119னு தனி விதிமுறை இருக்கு. நம்ம அரசு விரைவுப் பேருந்துலயே 2018லேர்ந்து படுக்கை வண்டி ஓடுது. ஆக, படுக்கை தப்பில்ல. சீட்டுக்குன்னு பிறந்த பஸ்ஸுக்குள்ள படுக்கையைத் திணிக்கிறதுதான் சிக்கல்.

எங்க பஸ்ல இருந்தது ஒத்தை வரிசை கண்ணாடி. மேல் பலகை அதுக்குக் குறுக்க ஓடும். அவசர வழி ஜன்னலும் அந்த வரிசைலதான். அதாவது, ஆபத்துன்னா உடைச்சு வெளியேற வேண்டிய இடத்துலதான் நாங்க கட்டிலை முட்டுக் கொடுக்கப் போறோம்.

எடையையும் பாருங்க. மேல 15 பேர், ஆளுக்கு 60 கிலோன்னா 900 கிலோ. சீட்டுல ஒண்ணரை அடி உயரத்துல உட்கார்ந்திருந்த எடை, நாலடி உயரத்துக்குப் போயிடும். வைக்கோல் ஏத்தின லாரி வளைவுல எப்படி ஆடும்னு பார்த்திருப்பீங்க. போதாக்குறைக்கு சீட்டு தரைல போல்ட் அடிச்சு நிக்கும். மேல் கட்டில் பக்கவாட்டுத் தூணைப் பிடிச்சுத் தொங்கணும். அந்தத் தூண் இந்த வேலைக்குச் செஞ்சதில்ல.

அண்ணாச்சிக்கு ஏக வருத்தம். "ஊரெல்லாம் மாத்தி ஓட்டுறான், நமக்கு மட்டும்தான் சட்டமா தம்பி?"

சட்டம் இருக்கத்தான் செய்யுது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிச்சவங்க கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாகிற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சு. ஆர்.சி.ல சீட்டு வண்டி, உள்ள கட்டில்னா, விபத்துன்னு வர்ற அன்னிக்கு இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேட்கப்போற கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

ஆனா அண்ணாச்சியை யோசிக்க வச்சது சட்டமில்ல, ரெண்டு தேதி. 2025 அக்டோபர் 14, ஜெய்சால்மர் பக்கத்துல ஓடற பஸ் தீப்பிடிச்சு 20 பேருக்கு மேல போய்ட்டாங்க. அக்டோபர் 24 விடிகாலை, கர்நூல் பக்கத்துல ஹைதராபாத்லேர்ந்து பெங்களூரு போன படுக்கை பஸ்ல 19 பயணிகள். சீட்டு வண்டியாப் பதிவாகிப் படுக்கையா மாத்தின வண்டின்னு அதைப் பத்தி செய்தி வந்துச்சு. நடுவுல பத்தே நாள்.

உட்கார்ந்து தூங்குறவன் முழிச்சா கால் தரைல இருக்கும். படுத்துத் தூங்குறவன் முழிச்சு, எழுந்து, இறங்கி, இருட்டுல ஒண்ணரை அடி சந்துல வழி தேடணும். அதையும் முட்டிவலிக்கார ஆச்சி செய்யணும். படுக்கையை எண்ணுறதுக்கு முன்னாடி வழியை எண்ணணும்னு நான் சொன்னப்போ, அண்ணாச்சி பேசாம டேப்பை வாங்கிச் சுருட்டி வச்சுட்டார்.

சரி, ஆச்சிக்கு என்ன வழி?

டீக்கடைல உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். நிஜமாவே படுத்தாகணும்னு இருக்கறவங்க 12 பேர். மிச்ச 36 பேர் விடிய விடியப் பாட்டுப் பாடிட்டு வர்ற கூட்டம். தேவை 12 படுக்கைதான், முழு பஸ்ஸும் இல்ல. அந்தப் படுக்கை ஏற்கெனவே தண்டவாளத்துல ஓடிட்டிருக்கு: எர்ணாகுளம் - வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ், வண்டி எண் 16361. 2023 செப்டம்பர்லேர்ந்து வாரம் ரெண்டு நாள், செங்கோட்டை வழியா வந்து ராஜபாளையத்துல நின்னு போகுது. சனிக்கிழமை ராத்திரி ஏறினா ஞாயிறு காலைல வேளாங்கண்ணி. அன்னிக்கே சாயங்காலம் திரும்பிடலாம். நாப்பத்தஞ்சு வயசு தாண்டின பெண்களுக்கும் அறுபது தாண்டின ஆண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடும் உண்டு. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு நாங்க ரெடியா உட்கார்ந்திருந்தோம்.

ஆச்சி முதல்ல ஒத்துக்கல. "எல்லாரும் ஒண்ணாப் போறதுதாம்ல போறது. எங்களைத் தனியா ஒதுக்கி விடப் பாக்கீங்களா?"ன்னாங்க. அது நியாயமான பேச்சு. எந்த லேஅவுட்லயும் அதுக்குப் பதில் கிடையாது. துணைக்கு ரெண்டு பசங்களை அனுப்பி, பஸ்ஸும் ரயிலும் ஒரே நேரத்துல போய்ச் சேர்ற மாதிரி வச்சுத்தான் சம்மதிக்க வச்சோம்.

போய்ட்டு வந்து நண்பன் சொன்னான். ராத்திரி ஆச்சிங்க செபமாலை சொல்ல ஆரம்பிச்சதும், எர்ணாகுளத்துலேர்ந்து வந்த குடும்பம் ஒண்ணு எதிர் பெர்த்துல எழுந்து உட்கார்ந்து மலையாளத்துல பதில் சொல்லுச்சாம். ஒரு மணி தமிழ், ஒரு மணி மலையாளம். ஐம்பத்து மூணு மணி தாண்டித்தான் படுத்தாங்களாம்.

அந்த பஸ்? சீட்டோடதான் போச்சு. எல்லா சீட்டுக்கும் புது ரெக்ஸின் போட்டிருக்கார் அண்ணாச்சி. அவசர வழி ஜன்னல் பக்கத்துல ஒரு சுத்தியலும் தொங்குது.

பி.கு: லேஅவுட் போட்டதுக்குக் கூலி, அரைக்கிலோ பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கே பால்கோவாவான்னு கேட்கக்கூடாது. கொடுத்தது ஆச்சி.